தோலா, பிளாஸ்டிக்கா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் பைக் சத்தம். எட்டிப் பார்த்தால் முனிரத்தினம்.

முனிரத்தினம் என் சின்னம்மா மகன். ஆர்.கே.பேட்டையில் இருக்கிறான். நாற்பத்தைந்து வயதாகிறது, ராணுவத்திலிருந்து வந்து ஆறு வருஷம் ஆகிறது. என் கணவர்தான் அவனை ஆள் எடுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய் ஓட வைத்துச் சேர்த்துவிட்டார். அந்த மரியாதை அவனுக்கு இன்றும் உண்டு. 'பாவா' என்றுதான் கூப்பிடுவான், அவர் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார மாட்டான்.

"அக்கா, பாவா கீறாரா?"

"ஆங், உள்ளதான் பேப்பர் பாத்துகினு கீறாரு. வா."

வந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு துணிப்பை. முகம் சரியில்லை. இவன் வந்தால் ஸ்வீட் பாக்ஸோடு வருகிறவனாச்சே... வாழைப்பழம் எதற்கு, உடம்பு முடியாதவரைப் பார்க்க வந்த மாதிரி?

காரணம் இரண்டு நிமிஷத்தில் தெரிந்தது. அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. கன்மேன் வேலை, துப்பாக்கியோடு கூடவே போகும் காவல். யாரிடம் என்றால் – என் கணவர் வேலை பார்த்த அதே கல்குவாரி முதலாளியிடம். என் கணவர் உட்கார்ந்த அதே கார், அதே முன் சீட்டு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறான். அதற்கு ஸ்வீட் கொடுக்க முடியுமா? பாவம், கடைக்காரனிடம் என்ன வாங்குவது என்று தெரியாமல் நின்றிருப்பான்.

"சந்தோசம்டா," என்றார் என் கணவர். பேப்பரை மடித்து வைத்துவிட்டு உண்மையாகவேதான் சொன்னார். அது எனக்கு இன்னும் வலித்தது.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு எங்கள் வீட்டு ஹவில்தாரைத் தெரியும். போர்வையை நாலு மூலையும் கத்தி மாதிரி மடிக்கிறவர். மாமியார் வீட்டுக்குப் போனாலும் ஐந்து மணிக்கு எழுந்து வாசல் பெருக்குகிறவர். அவரைக் கிண்டல் பண்ணி எழுதியே இத்தனை வருஷம் பக்கத்தை நிரப்பிவிட்டேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு – பெயர் தாமோதரன். பதினேழு வருஷம் ராணுவம். நான் திருத்தணி பஜாரில் ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம். அதுவும் உங்களுக்குத் தெரியும்.

வழக்கமாக நான் எழுதியதை அவர்தான் முதலில் படிப்பார். ராணுவச் சொல் ஏதாவது தப்பாக இருந்தால் பென்சிலில் வட்டம் போடுவார். இந்த வாரம் அவர் படிக்கவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முனிரத்தினம் துணிப்பையிலிருந்து ஒரு புது ஹோல்ஸ்டரை எடுத்தான். துப்பாக்கி உறை. நல்ல தோல், காபிப்பொடி நிறம், விறைப்பாக இருந்தது. ராணிப்பேட்டைப் பக்கம் சொல்லி வைத்து வாங்கினானாம். கூடவே செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். கறுப்பு பிளாஸ்டிக் உறை.

"பாவா, ரெண்டையும் போட்டவரு நீங்கதான். சொல்லுங்க. தோலா, பிளாஸ்டிக்கா?"

என் கையில் கரண்டி அப்படியே நின்றது.

இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் புதிதல்ல. ஒரு காலத்தில் நானும் அவரும் இதற்காக மூன்று நாள் சண்டை போட்டிருக்கிறோம். மற்ற வீடுகளில் கிரைண்டரா மிக்ஸியா என்று சண்டை வரும். எங்கள் வீட்டில் இது.

அவரிடம் முதலில் இருந்தது தோல் உறைதான். ராணுவத்திலிருந்து வெளியே வரும்போது, கடைசியாக இருந்த ஊரில் ஒரு தோல் தைக்கிறவரிடம் அளவு கொடுத்துச் செய்தது. துப்பாக்கியை அதில் வைத்தால் சத்தமே வராது. இடுப்பில் இருப்பதே தெரியாது என்பார். பார்க்கவும் கம்பீரம். கன்மேன் வேலைக்குச் சேர்ந்த அன்று அதைக் கட்டிக்கொண்டு எடுத்த போட்டோ இன்னும் என் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறது.

ஆனால் திருத்தணி வெயில் உங்களுக்குத் தெரியுமே. சித்திரையில் மலைப் பாறை சூடேறி ஊருக்கே அனல் அடிக்கும். வியர்வையில் தோல் ஊறும், உப்புப் பூக்கும். மழைக்காலம் வந்தால் வெள்ளைப் பூஞ்சை. "பிளாஸ்டிக் வாங்கிடலாம், தொடச்சிப் போட்டா முடிஞ்சிது" என்றார் அவர்.

நான் விடவில்லை. அது பார்க்க டிரில்லிங் மிஷின் வைக்கிற டப்பா மாதிரி இருக்கும் என்றேன். ஓரம் கூர், சட்டையை அரிக்கும், கிழிந்தால் தைக்கிறது யார் என்றேன். வேர்க்குரு வரும் என்றேன். சொன்னதில் எதுவும் பொய்யில்லை.

அவர் மேற்கொண்டு ஒரே ஒரு காரணம்தான் சொன்னார். "பிளாஸ்டிக் வாய் மூடாதுமே. துப்பாக்கிய எடுத்தாலும் அது தெறந்தே இருக்கும். திருப்பி வைக்கறப்ப எதுவும் குறுக்க வராது. தோலு அப்டியில்ல... பழசாச்சுன்னா தளந்துடும்."

எனக்கு அது காதில் ஏறவில்லை. கட்டிக்கொண்டவர் அவர், சண்டையில் ஜெயித்தது நான். தோலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

போன வருஷம் அந்த முதலாளி மாலை போட்டார். ஏதோ பிரார்த்தனை. நாற்பத்தெட்டு நாள் விரதம், முடிவில் ஐப்பசிக் கிருத்திகைக்கு மலையேறிக் காவடி. நல்ல விஷயம். கூடவே ஒரு கட்டளையும் போட்டார். விரதம் முடிகிற வரைக்கும் தோல் பொருள் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. டிரைவருக்கு ரப்பர் செருப்பு. மேனேஜருக்குத் துணி பெல்ட். கன்மேனுக்கு?

"தாமோதரா, அந்தத் தோலு உறைய கழட்டிடு. பிளாஸ்டிக்ல ஏதோ வருதாமே, அத்தப் போட்டுக்க."

துப்பாக்கி? அது இருக்கலாம். தோட்டா? தாராளமாக. இன்னும் கேளுங்கள், அந்தக் காரின் சீட்டு முழுக்கத் தோல். மலையில் காவடிக்கு முன்னால் அடிக்கிற பம்பையில் இருப்பதும் தோல்தான். ஆனால் எங்கள் வீட்டுக்காரர் இடுப்பில் இருந்த ஒரு சாண் தோல்தான் முருகனுக்கு ஆகவில்லையாம். பெரிய மனிதர்களின் பக்தியில் நாம் கேள்வி கேட்க முடியுமா? மாதம் பிறந்தால் சம்பளம் அங்கிருந்துதானே வருகிறது.

இப்படித்தான் பிளாஸ்டிக் உறை எங்கள் வீட்டுக்குள் வந்தது. துப்பாக்கியை உள்ளே விட்டால் 'டக்' என்று டிபன் பாக்ஸ் மூடுகிற சத்தம். இரண்டாவது வாரமே நான் சொன்னபடி இடுப்பில் வேர்க்குரு வந்தது. 'பார்த்தீங்களா' என்று ஜெயித்த முகத்தோடு பவுடர் போட்டுவிட்டேன்.

தோல் உறை? அது பெட்ரூம் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

நடுவில் ஆயுத பூஜை வந்தது.

எனக்கு ஆயுத பூஜை என்றால் தீபாவளிக்கும் மேல். கடையில் மூன்று மிஷினையும் பிரித்துத் துடைத்து, எண்ணெய் விட்டு, கத்தரிக்கோலுக்கு எண்ணெய், கதவுக் கீலுக்கு எண்ணெய். இஞ்ச் டேப்புக்குக்கூடச் சந்தனப் பொட்டு. வீட்டுக்கு வந்தால் அரிவாள்மனை, சைக்கிள், இட்லிப் பானை என்று ஒன்றையும் விடமாட்டேன். அவர் தன் பிஸ்டலைத் தானே பிரித்து, தானே துடைத்து, பீரோவில் பூட்டிவிடுவார். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. கல்யாணமான புதிதில் அவருடைய பூட்ஸில் தெரியாமல் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். "என் சாமான்ல கை வெக்காத" – அன்றைக்குப் போட்ட ஆர்டர்.

கதவைச் சாத்தியபோது அந்தத் தோல் உறை கண்ணில் பட்டது. மழை ஈரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்து, வெடித்துப்போய், பார்க்கவே பாவமாக இருந்தது. எட்டு வருஷம் அவரோடு அலைந்த பொருள். எல்லாவற்றுக்கும் செய்கிறோம், இதற்கு மட்டும் ஏன் இல்லை?

துடைத்தேன். பூஞ்சை போனது. தோல் வறண்டிருந்தது. கையில் நல்லெண்ணெய் கிண்ணம் இருந்தது.

தடவினேன். தோல் குடித்துவிட்டது. இன்னும் தடவினேன். அதையும் குடித்தது. உள்பக்கமும் வெளிப்பக்கமும் நன்றாக ஊற வைத்து, மாடியில் வெயிலில் வைத்து எடுத்து, மறுநாளும் ஒரு கை. கறுத்து மினுமினுவென்று வந்தது. ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம்.

இரண்டு நாள் கழித்து அவர் பார்த்தார். "இன்னா இது, பளபளன்னு கீது?"

"பூசணம் புடிச்சிருந்திச்சி. தொடச்சேன்."

அவ்வளவுதான் சொன்னேன். துடைத்தேன் என்பது உண்மைதானே? எண்ணெய் என்று சொன்னால் பூட்ஸ் கதை மறுபடி வரும். நல்ல நாள் அதுவுமாக எதற்கு என்று ஒரு சொல்லை முழுங்கிவிட்டேன்.

ஐப்பசிக் கிருத்திகை வந்தது. காலையில் கிளம்பும்போது அவரே சொன்னார் – இன்றைக்கு முதலாளி மாலையைக் கழற்றுகிறார், கீழே வந்ததும் பழைய தோல் உறையையே போட்டுக்கொள்ளலாம், வேர்க்குரு தாங்கவில்லை என்று. தோல் உறையை மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்தது நான்.

முதலாளி காவடி எடுத்து மேலே போய்விட்டு வந்தார். இவர் துப்பாக்கியோடு கோயிலுக்குள் போவதில்லை, அடிவாரத்தில் காரோடு நின்றிருந்தார். மாலையைக் கழற்றிய கையோடு முதலாளி சொல்லியிருக்கிறார், "தாமோதரா, உன் தோலு உறைய மாட்டிக்க."

காருக்குப் பின்பக்கம் போனார். பிளாஸ்டிக் உறையைக் கழற்றினார். தோல் உறையை இடுப்பில் மாட்டினார். பிஸ்டலை உள்ளே விட்டார்.

வெடித்தது.

குண்டு தொடையின் வெளிப்பக்கம் நுழைந்து முழங்காலுக்கு மேலே வெளியே வந்தது. கிருத்திகைக் கூட்டம், பம்பைச் சத்தம், அரோகரா. யாரோ வேட்டு போட்டார்கள் என்று நினைத்து ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவர்தான் முதலில் ரத்தத்தைப் பார்த்திருக்கிறார்.

தோட்டாவை ஏற்றியே வைத்திருக்க வேண்டும் என்பது முதலாளி போட்ட கண்டிஷன். சேஃப்டி லாக்கைப் போட்டிருந்தாரா? "போட்ட மாதிரிதான் ஞாபகம்" என்றார். அதற்குமேல் அவருக்கு நினைவில்லை.

இங்கே முதல் கட்டு, பிறகு சென்னையில் ஆபரேஷன். உயிருக்கு ஆபத்தில்லை. முழங்கால் மட்டும் இனி முழுசாக மடங்காது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது இன்ஸ்பெக்டர் வந்து கேட்டார், எப்படி ஆயிற்று என்று. இவர் எழுந்து உட்கார முயற்சி பண்ணினார். அதிகாரி முன்னால் படுத்துக்கொண்டு பேசிப் பழக்கமில்லை.

"என் கை தவறு சார். வேற யாரும் காரணமில்ல."

அப்படியே எழுதிக்கொண்டார்கள். துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனது. லைசன்ஸ் நிறுத்திவைக்கப்பட்டது. முதலாளி பழக்கூடையோடு வந்து பார்த்தார். 'கூட்டத்துல யாருக்காவது பட்டிருந்தா இன்னா ஆகியிருக்கும், சொல்லு' என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கேட்டதும் நியாயம்தான். வேலை போயிற்று.

ஒரு கையெழுத்துக்காக என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். ரைட்டர் மேஜையில் அந்தத் தோல் உறை இருந்தது. அவர் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இன்னாம்மா இது, துணி மாதிரி கீது? இத்தப் போயி எப்டி மாட்டிகினாரு? வாய்ப்பக்கம் பாருங்க, உள்ள மடிஞ்சிகினு கீது. இதான் விசைல மாட்டிகிச்சோ இன்னாவோ."

நான் தொட்டுப் பார்த்தேன். அதைத் தொட்ட விரல் இருபத்தைந்து வருஷமாகத் துணி தொடுகிற விரல். எது விறைப்பு, எது தளர்ச்சி என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். அந்தத் தோல், கஞ்சி போன காட்டன் மாதிரி தொங்கியது. உள்பக்கத்தில் இன்னும் பிசுபிசுப்பு. மூக்கருகில் கொண்டுபோகவே வேண்டாம். நல்லெண்ணெய் வாசனை.

ரைட்டர் அதை ஒரு கவரில் போட்டு ஒட்டினார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன், எப்படி நடந்தேன் என்று தெரியாது.

அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்த உடம்பு, இப்போது வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு, எழுதிக் கொடுத்த வாக்குமூலம் இருக்கிறதே, மாற்றினால் இன்னும் சிக்கலாகிவிடுமோ என்று நினைத்தேன். பிறகு பொங்கல் வந்தது. நல்ல நாளில் வேண்டாம் என்று நினைத்தேன். ஒன்றைச் சொல்லாமல் இருப்பதற்கு எனக்குக் கிடைத்த காரணங்களைப் பார்த்தால், நான் வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.

இதற்குள் அவர் என்ன ஆனார் தெரியுமா?

காலை இழுத்து நடப்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அவர் கவலை எல்லாம் கையைப் பற்றி. வலது கை. பதினேழு வருஷத்தில் ஒரு தடவைகூட தப்பாகச் சுடாத கை, இப்போது துரோகம் பண்ணிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். டம்ளரை இரண்டு கையால் பிடித்துக் குடிக்க ஆரம்பித்தார். தானே சவரம் செய்துகொள்கிறவர், வாரம் ஒருமுறை சலூனுக்குப் போய் முகத்தைக் கொடுத்துவிட்டு உட்காருகிறார். முன்பெல்லாம் பண்டிகை நேரத்தில் என் கடைக்கு வந்து லைனிங் துணி வெட்டித் தருவார். ஒரு நூல் பிசகாது. இந்தத் தடவை கத்தரிக்கோலைக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"வாணாம்மே. என் கைய நம்பாத."

விளையாட்டாகச் சொல்லவில்லை. கை நடுங்கவும் ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டு நரம்பில் கோளாறு எதுவும் இல்லை என்றார். எனக்குத் தெரியும், இல்லை என்று. அந்தக் கையில் ஒரு தப்பும் இல்லை என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்துகொண்டே தினமும் அந்தக் கைக்குத் தட்டில் சோறு போட்டேன்.

அப்படிப் பதினோரு மாதம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முனிரத்தினம் கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். தோலா, பிளாஸ்டிக்கா?

அவர் அந்தப் புது உறையை வாங்கிப் பார்க்கவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

"எதுனா வாங்கு முனி. உறைல இன்னா கீது? கைதான் முக்கியம். எனக்குக் கை பூட்ச்சி."

"அப்டி சொல்லாதீங்க பாவா."

"இல்லடா. உண்மையத்தான் சொல்றேன்."

முனிரத்தினம் உறையை வளைத்துப் பார்த்தான். "தோலே இருக்கட்டும் பாவா, வாங்கிட்டேன். கொஞ்சம் கட்டையா கீது. கடைக்காரரு சொன்னாரு... ரெண்டு நாளு நல்லெண்ணெ தடவி வெயில்ல வெச்சா நல்லா நெகிழ்ந்து குடுக்குமாம்."

அடுப்பை அணைத்தேன். ஹாலுக்கு வந்தேன். எப்படிச் சொல்வது என்று பதினோரு மாதமாக நான் தயார் பண்ணி வைத்திருந்த வாக்கியம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"எண்ண தடவாத முனி. தடவினா தோலு செத்துடும். வாய் மடிஞ்சி உள்ள பூடும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"உனுக்கு எப்டிக்கா தெரியும்?"

அவனைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துத்தான் சொன்னேன். "ஆயுத பூஜையப்ப உங்க ஹோல்ஸ்டருக்கு நான் நல்லெண்ண போட்டேன். ரெண்டு நாளு. உள்ளயும் வெளியவும். நீங்க கேட்டப்ப தொடச்சேன்னு சொன்னேன். ஸ்டேஷன்ல தொட்டுப் பாத்தேன், துணியாட்டம் இருந்திச்சி. உங்க கை இல்லீங்க. நான்தான்."

அவர் மடியிலிருந்து வலது கையை எடுத்தார். விரித்தார், மூடினார். மறுபடி விரித்தார். யாரோ தொலைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த பொருளைச் சரிபார்க்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு முனிரத்தினம் பக்கம் திரும்பினார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"பிளாஸ்டிக்கே வாங்கு. வேர்க்குரு வந்தா பவுடர் போட்டுக்க. எத்த வாங்குனாலும் உள்ள வுடறதுக்கு முன்ன வாய ஒரு தபா பாத்துட்டு வுடு. நான் அன்னைக்கிப் பாக்கல. அது என் தப்புதான்."

முனிரத்தினம் சாப்பிடாமலே கிளம்பினான். நான் தடுக்கவில்லை. வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். அவர் அதே இடத்தில் இருந்தார்.

"எப்போலேர்ந்து தெரியும் உனுக்கு?"

"ஸ்டேஷனுக்குப் போன அன்னைலேர்ந்து."

"நான் ஆஸ்பத்திரில இருந்தப்பவே."

"ஆங்."

தலையை ஆட்டினார். எண்ணெய் போட்டதற்கு அவர் கோபப்படவில்லை என்பது எனக்குப் புரிந்தது. எண்ணெய் ஒரு நாள் விஷயம். அந்தப் பதினோரு மாதம் இருக்கிறதே... அதைத்தான் அவர் மனசுக்குள் ஒவ்வொரு நாளாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சலூன் நாற்காலி, இரண்டு கையால் பிடித்த டம்ளர், கத்தரிக்கோலை நீட்டிய நான். எல்லாவற்றிலும் பக்கத்தில் நான் நின்றிருந்தேன்.

"இனிமே எதுக்கு எண்ண போட்டாலும் சொல்லிட்டுப் போடு," என்றார்.

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. இன்றோடு ஐந்து நாள்.

நம் வீடுகளில் ஒரு பொருள் சரியில்லை என்றால் என்ன செய்கிறோம்? எண்ணெய் போடுகிறோம். கதவு கத்தினால் எண்ணெய். தலை காய்ந்தால் எண்ணெய். மூட்டு வலித்தால் எண்ணெய். அந்தப் பொருளுக்கு அது ஆகுமா, ஆகாதா? யார் கேட்டார்கள்? நமக்கு எது தெரியுமோ அதைச் செய்துவிட்டு, அதற்கு அக்கறை என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். சரி, அதையாவது மன்னிக்கலாம். தெரியாமல் செய்தது. தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருந்ததற்கும் நான் அக்கறை என்றுதான் பெயர் வைத்திருந்தேன். உடம்பு தேறட்டும், பொங்கல் போகட்டும், மனசு கஷ்டப்படுமே. யார் மனசு? என் மனசு.

சொன்னால் அவர் பழையபடி ஆகிவிடுவார் என்று நினைத்தேன். பாதி சரி. திங்கட்கிழமை காலை காபி கொடுத்தேன். டம்ளரை ஒரு கையால் வாங்கினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. செவ்வாய்க்கிழமை தானே சவரம் செய்துகொண்டார். ஒரு கீறல் இல்லை. புதன்கிழமை நான் கடைக்குப் போவதற்கு முன்னால் போய், வெட்டாமல் கிடந்த லைனிங் துணி அத்தனையும் வெட்டி அடுக்கி வைத்திருந்தார். ஒரு நூல் பிசகவில்லை.

கை திரும்பி வந்துவிட்டது. பேச்சுதான் வரவில்லை.

சண்டை போட்டால் நான் சமாளிப்பேன். எனக்கு வாய் இருக்கிறது. இவர் கதவை அறைவதில்லை, சாப்பாட்டை ஒதுக்குவதில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார். வெறுமனே பேசவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஹாலில்தான் இருக்கிறார். எழுதியதைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். கண்ணாடியை எடுக்கவில்லை. ஆகவே இதில் ராணுவச் சொல் ஏதாவது தப்பாக இருந்தால், படிக்கிற ராணுவ வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வட்டம் போட ஆள் இல்லை.

அந்த பிளாஸ்டிக் உறை இப்போதும் கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்குகிறது. துப்பாக்கி இல்லாவிட்டாலும் அவர் சொன்னபடி வாய் திறந்தேதான் இருக்கிறது. முனிரத்தினத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஆயுத பூஜை வருகிறது. நேற்று கடை மிஷினுக்கு எண்ணெய் விடலாம் என்று வீட்டில் தேடினேன். மிஷின் எண்ணெய் டப்பா இல்லை. சமையலறையில் நல்லெண்ணெய்க் கிண்ணமும் இல்லை. எல்லாம் பரண்மேல் இருக்கிறது. மடங்காத முழங்காலோடு ஸ்டூல் போட்டு ஏறி வைத்திருக்கிறார். எனக்கு எட்டாத உயரம்.

கேட்டால் எடுத்துக் கொடுப்பார். எதற்கு என்று சொல்லித்தான் கேட்க வேண்டும்.